முப்பதாவது வாக்கியம்

என் மனைவி சுனிதா பக்கத்துப் பகுதியான சயானில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு வயிறு எரியத் தொடங்கியும் அதே இரண்டு மாதம். சொல்லிக்கொடுப்பவன் பெயர் அஷ்வத், மாட்டுங்காக்காரன். வீட்டில் மூச்சுக்கு மூச்சு அவன் பேச்சுதான்.

"ரன்னுங்கற ஒரே சொல்லுக்கு நூறு அர்த்தத்துக்கு மேல இருக்காம். அஷ்வத் சார் சொன்னாவ. ஆளுக்கு முப்பது வாக்கியம் எழுதணுமாம்."

"ரன்னா ஓட்டம். கிரிக்கெட் பாக்குற எல்லாவனுக்கும் தெரியும். இதுக்கு ஒரு சாரு, ஒரு கிளாஸு!"

சிரித்துவிட்டு நோட்டுக்குத் திரும்பினாள். நான் பக்கத்தில் போனால் மூடிக்கொண்டாள். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது சிவப்பு மையில் அவன் கையெழுத்து தெரிந்தது. வகுப்பை நிறுத்திவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆனால் கையில் ஆதாரம் வேண்டுமே. எனக்கோ இங்கிலீஷ் எழுத்துக்கூட்டினால்தான் வரும். சனிக்கிழமை காலை நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய், நான் தோல் வெட்டும் பட்டறையின் முதலாளி ரஹ்மத்துல்லா பாயிடம் கொடுத்தேன்.

"இதுல என்னத்த எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க, பாய்."

பாய் கண்ணாடியை மாட்டினார். "'என் வீட்டுக்காரர் ரயிலுக்கு ஓடுறார்.' 'மழை வந்தா அவருக்கு மூக்கு ஒழுகும்.' 'அவரோட நீலச் சட்டை சாயம் போகுது.' 'அவர் ஒருநாள் சொந்தமா பட்டறை நடத்துவார்.' ஏல சேசு, எல்லாத்துலயும் ரன்னு இருக்கு. எல்லாத்துலயும் நீதாம்ல வாரே!"

பட்டறையே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தொன்பது வாக்கியத்திலும் நான்தான். அஷ்வத் வந்து பார்க்கட்டும்!

"கீழ வாத்தியாரு எழுதியிருக்காரு," என்றார் பாய். "'கடைசி வாக்கியம் உங்களைப் பற்றி எழுதுங்கள்.'"

"எழுதியிருக்காளா?"

"'நான்'னு எழுதி அடிச்சிருக்கா. மறுபடி 'நான்', மறுபடி அடிச்சிருக்கா. ஆறு தடவ. வேற ஒண்ணுமில்ல."

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது சுனிதா தலையணை, பாயெல்லாம் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன். முகம் வெளிறிப்போய் வாங்கிக்கொண்டாள்.

"முப்பதாவது ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"ஒரு வாரமா யோசிக்கேன். நான் என்ன செய்யுதேன்னு நெனச்சா, உங்களுக்குச் செய்யுததுதான் வருது. எனக்குன்னு ஒண்ணும் வரமாட்டேங்கு."

வகுப்பை நிறுத்தச் சொல்லும் எண்ணத்தை அதோடு விட்டேன்.

"சாயங்காலம் நான் சோறு வச்சிக்கிடுதேன். நீ கிளாஸுக்குச் சீக்கிரமே கெளம்பு," என்றேன்.