ஒரே வெட்டு

இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடி இழையில் வரவேண்டிய வெளிச்சம் வீடு வந்து சேரவில்லை. நடுக்கூடத்தில் ஔசேப்பு குளிர்பெட்டிக்குள் கிடந்தார். பதினொரு மணிக்கு ஜெபம் முடிந்ததும் தேவாலயத்துக்கு எடுத்துவிடுவார்கள்.

“அயர்லாந்துலேர்ந்து என் மகன் டின்சனால வர முடியல மோனே. போன்ல அவன் அப்பச்சன் முகத்தைக் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன்,” என்றாள் அவர் மனைவி அன்னக்குட்டி, பழுது பார்க்க வந்த சனோஜிடம். மொபைல் சிக்னல் எட்டாத பள்ளம் அது.

இன்டர்நெட் லைன்மேன் சனோஜ் ரோட்டுக்கு ஓடிக் கம்பத்தில் ஏறினான். டவுனிலிருந்து ஒற்றை இழையில் வரும் வெளிச்சம் அங்கேதான் எட்டு வீடுகளுக்குப் பிரிகிறது. மீட்டரை வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. அப்படியானால் கோளாறு கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில். கேபிளை அண்ணாந்து பார்த்தபடியே ஏலக்காய்த் தோட்டத்தில் இறங்கினான். ஔசேப்பின் அண்ணன் குரியனின் நிலத்தில் அது துண்டாகித் தொங்கியது. எலி கடித்ததல்ல. ஒரே வெட்டு.

குரியன் கத்தியோடு அங்கேயே நின்றிருந்தார்.

“சேட்டா, உங்க தம்பி செத்துக் கிடக்காரு. பத்து நிமிஷம் விடுங்க, ஒட்டிடறேன்.”

“உயிரோட இருந்தப்ப அவன் நிலத்துல எனக்கு நடக்க வழி விட்டானா அவன்? என் மண்ணுல கால் வைக்காதே, போடா.”

சனோஜ் ரோட்டைச் சுற்றிப் புதுக் கேபிள் இழுத்தான். மரத்துக்கு மரம் ஏறிக் கட்டினான். வீட்டு வாசலில் உட்கார்ந்து, முடி கனமுள்ள கண்ணாடி இழையின் உறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நேராக வெட்டி ஒட்டும் மெஷினில் வைத்தான். பொறி பாய்ந்து இரு நுனிகளும் உருகின. மழை ஈரத்தில் ஒட்டு பிசகியது. மறுபடி உரித்தான். அவனைத் தாண்டித்தான் சவப்பெட்டியைத் தூக்கிப் போனார்கள்.

பச்சை விளக்கு எரிந்தபோது கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் இருந்தன. மகனுக்காக அன்னக்குட்டி கல்லறைக்குப் போகாமல் தங்கிவிட்டாள். சனோஜ் நடந்ததைச் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டின்சன்கிட்ட சொல்லிடாதே. நாளையிலேர்ந்து நான் இங்க தனியா, அந்த ஆளுக்குப் பக்கத்துலதானே கிடக்கணும்.”

போனில் டின்சனின் முகம் தெரிந்தது.

“அம்மச்சி, அப்பச்சன் எங்கே?”

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“கொண்டு போயிட்டாங்க டின்சா,” என்றான் சனோஜ். “லைன் மேல மரம் விழுந்துடுச்சு.”

டின்சன் திரைக்கு நெருங்கி வந்தான்.

“எந்த மரம்?” என்றான்.

சனோஜ் தான் கேபிள் கட்டிய மரங்களை வாசல் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்தான்; எல்லாம் நின்றிருந்தன.