ஆறுச்சாமிக் கவுண்டர் பழனிக்கு நடந்த கதை

விஷக்காய்ச்சலில் கஞ்சித் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல், கண் செருகிக் கிடந்த ஒரு மத்தியானத்தில்தான் ஆறுச்சாமிக் கவுண்டர் அந்த வேண்டுதலை வைத்தார். மனசுக்குள் வைக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைச் சொந்தபந்தம் அத்தனையும் கட்டிலைச் சுற்றி நிற்க, "பழனியாண்டவா, என்ற உசுரத் திருப்பிக் குடு! தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து, காலுல செருப்பில்லாம, நடந்தே உன்ற மலைக்கு வாறேன்!" என்று கத்தினார். கேட்ட பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் மனைவி கருப்பாத்தாள் மட்டும் துடைக்கவில்லை. கவுண்டர் வாந்தியெடுத்த போசியைக் கழுவும் வேலை அவளுக்கு இருந்தது.

முருகன் தன் பங்கைச் செய்தான். ஐப்பசி மழை ஓய்வதற்குள் கவுண்டர் எழுந்து உட்கார்ந்தார். கார்த்திகையில் கோழிக்குழம்பு கேட்டார். மார்கழியில் சந்தைக்குப் போய் மாட்டுத் தரகனோடு சண்டை பிடித்தார். அவர் உடம்பு தேறத் தேற வேண்டுதல் மெலிந்துகொண்டு வந்தது. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பதைச் சாமியிடமே நடத்திக் காட்ட ஓர் ஆள் இருப்பார் என்று கருப்பாத்தாள் நினைத்ததில்லை. ஆனால் அந்த ஆள் தன் வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்பதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம்தான் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் புது ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. தை பிறந்ததும் கவுண்டரும் அவருடைய பங்காளி குப்பண்ணனும் களத்தில் உட்கார்ந்து பிரயாணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒரு கோர்ட்டு வழக்குக்காக அடிக்கடி கோயமுத்தூர் போய்வருவதால், உலகத்தில் புதிதாக வரும் எல்லாவற்றுக்கும் தானே சாட்சி என்று குப்பண்ணனுக்கு ஒரு நினைப்பு. கருப்பாத்தாள் சற்றுத் தள்ளி நிலக்கடலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல போயிரலாமுங்க அண்ணா. காலைல ஏறுனா பொழுதோட பழனி" என்றான் குப்பண்ணன்.

"பஸ்ஸுல எனக்குக் கொமட்டும்டா. போன தடவ இங்கிருக்கற சித்தூரு போறதுக்குள்ள கொடலே வெளிய வந்துருச்சு."

"அப்பறம் சவாரி வண்டி கட்டுங்க."

"இந்த ரோட்டுலயா? இடுப்பு முறிஞ்சிரும். காச்சல் கண்ட ஒடம்பு."

"அப்ப ரயிலுதானுங்க. மீனாட்சிபுரத்துல ஏறுனா நேரா பழனி. காலு நீட்டிப் படுத்துக்கலாம்."

கவுண்டர் தாடையைத் தடவினார். "நடந்து வாறேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டனே."

"காச்சல்ல சொன்னதுக்கெல்லாம் கணக்கிருக்குதுங்களா? அப்படியும் மனசு கேக்கலைன்னா, ரயிலுக்குள்ள இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துக்குங்க. நடந்த மாதிரியும் ஆச்சு, போன மாதிரியும் ஆச்சு."

இரண்டு பேரும் இதைக் கொஞ்சநேரம் உண்மையாகவே யோசித்ததுதான் கருப்பாத்தாளுக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, ரயிலு எதுக்கு? வெள்ளக்காரன் ஆகாசக் கப்பல் உடறானாமல்லோ. அதுல போயி நேரா மலை உச்சீல எறங்கிக்குங்க. படியேற வேலையும் மிச்சம். எறங்கறப்ப சாமிக்குத் தலையில அடிபடாமப் பாத்துக்குங்க."

"பொம்பளைக்கு இதுல என்ன பேச்சு?" என்றார் கவுண்டர்.

"ஒண்ணுமில்லீங்க. காச்சலுக்குக் கசாயம் வெச்ச பொம்பளதான."

அவர் ரயிலில் போவதென்று முடிவாயிற்று. ஊரிலிருந்து நடந்து போகும் காவடிக் கூட்டத்துக்கு வெள்ளியங்கிரி என்றொரு குடியானவர் தலைவர். கிளம்புகிற அன்று அதிகாலையில் கருப்பாத்தாள் குளித்து, பச்சைச் சேலை கட்டி, கவுண்டருக்கென்று செய்து வைத்திருந்த சர்க்கரைக் காவடியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளியங்கிரி முன்னால் வந்து நின்றாள்.

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார். "அம்மிணி, கவுண்டரு வேண்டுன காவடியல்லோ இது? பொம்பள தூக்கறதுன்னா..."

"கவுண்டருக்குக் காலு ஊட்டுல இருக்குதுங்க. என்னுது இங்க இருக்குது. நடக்கலாமுங்களா?"

வெள்ளியங்கிரி ஒதுங்கி வழிவிட்டார். கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தது.

நடை ஒன்றும் சுகமாக இல்லை. பொள்ளாச்சி சேர்வதற்குள் குதிகால் வெடித்தது. கோமங்கலம் தாண்டியதும் கட்டைவிரலடியில் கொப்புளம் கிளம்பியது. கூட வந்த மயிலாத்தாள், தனியாளாய்ப் பண்ணையம் பார்க்கும் கைம்பெண், வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டாள். "திரும்பிரலாமாக்கா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். கருப்பாத்தாளுக்கும் அது தோன்றாமலில்லை. யாரோ கத்திய வார்த்தைக்குத் தன் கால் எதற்குப் புண்ணாக வேண்டும்? ஆனால் அந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்று அவளும்தான் அன்றைக்குப் போசி கழுவிக்கொண்டே கும்பிட்டிருந்தாள். கும்பிட்டதை இப்போது இல்லையென்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது. அது ஆம்பளைகளுக்கு வரும்.

மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. காவடிகள் வரிசையாக நின்றன. ரயில் ஊர்ந்து வந்தது. முதலில் குப்பண்ணனுடைய தலைதான் தெரிந்தது, அவன் துண்டை வீசி, "அரோகரா!" என்று கத்தினான். அவனுக்குப் பக்கத்து ஜன்னலில் ஆறுச்சாமிக் கவுண்டர். ஒரு கையில் மந்தாரை இலைப் பொட்டலம், இன்னொரு கையில் வடை. வடையை வாய்க்குக் கொண்டுபோனவர், கேட்டுக்கு இந்தப் பக்கம் காவடியோடு நின்ற தன் மனைவியைப் பார்த்தார். வடை பாதி வழியில் நின்றது. அடுத்த நொடி ஜன்னல் பலகை படாரென்று இறங்கியது.

"அண்ணனா அது?" என்றாள் மயிலாத்தாள்.

"ஆராயிருந்தா என்ன? வடை திங்கறவரு ஒருத்தரு."

சண்முகநதியில் முழுகி எழுந்து, ஈரச்சேலையோடு அடிவாரத்துக்கு வந்தபோது கவுண்டர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, பச்சை வேட்டி, கழுத்தில் மாலை. முழங்கால்வரைக்கும் புழுதி. ரயிலில் வந்த மனுஷனுக்கு அவ்வளவு புழுதி எங்கே கிடைத்தது என்று கருப்பாத்தாள் பார்த்தாள். பின்னால், வண்டிகள் நிற்கிற இடத்தில் மாடுகள் கிளறிப்போட்ட மண் குவிந்திருந்தது. அதைத்தான் அள்ளிப் பூசியிருக்கிறார்.

"நொம்பக் களைச்சுப்போயிட்ட புள்ள" என்றார் கவுண்டர், ஊர்க்காரர்கள் காதில் விழும்படி. "காவடியக் குடு. மலை ஏறறத நான் பாத்துக்கறேன். வேண்டுதல் என்றதல்லோ."

வெள்ளியங்கிரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதும் நாயந்தான் அம்மிணி. வேண்டுனவரு கையில போறதுதான்..."

கருப்பாத்தாள் புருஷனிடம், "காலத் தூக்குங்க பாக்கலாம்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா ஒருக்காத் தூக்குங்க. உள்ளங்காலப் பாக்கோணும்."

கவுண்டர் தூக்கவில்லை. இரண்டு காலையும் இன்னும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டார். கூட்டத்தில் முதலில் யாரோ ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் மயிலாத்தாள் சிரித்தாள். அதன் பிறகு வெள்ளியங்கிரியால் வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. குப்பண்ணன் மலையை அண்ணாந்து பார்த்து, "கூட்டம் இந்த வருசம் சாஸ்திதானுங்க" என்றான்.

அவள் படியேறினாள். தோள் கன்றியிருந்தது, ஒவ்வொரு படிக்கும் கால் எரிந்தது. கவுண்டர் பின்னாலேயே வந்தார். அந்த மலையிலேயே சத்தமான அரோகரா அவருடையதுதான்.

சன்னதியில் காவடியை இறக்கிவிட்டுக் கருப்பாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். புருஷனுக்காக மன்னிப்புக் கேட்பாள் என்று பக்கத்தில் நின்ற மயிலாத்தாள் நினைத்தாள். ஆனால் அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "சாமி, சொன்ன வார்த்த வந்து சேந்துருச்சு. இனியொருக்கா இவருக்குக் காச்சல் வந்தா, காப்பாத்தறதும் உடறதும் உன்ற இஷ்டம். அவரு சொல்லறத மட்டும் நம்பாதே."

திரும்பும்போது கருப்பாத்தாள் ரயிலில்தான் வந்தாள். போகிறதற்குத்தானே நடை, வருவதற்கு யாரும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்குமுன் அவள் ரயிலேறியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி, சோளக்காடுகள் பின்னால் ஓடுவதையும், தெற்கே ஆனைமலை கூடவே வருவதையும் பார்த்தாள். காற்று முகத்தில் அடித்தது. எவ்வளவு நல்ல வண்டி, பாவம், என்று நினைத்தாள். அதன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

உடுமலைப்பேட்டையில் ஏறிய ஒரு வியாபாரி எதிரே உட்கார்ந்து, "தைப்பூசத்துக்குப் போயிட்டு வாறீங்களா? நடையா?" என்று விசாரித்தார்.

"நடைதானுங்க" என்றார் ஆறுச்சாமிக் கவுண்டர். "செத்துப் பொழச்ச ஒடம்பு. இருந்தாலும் சொன்ன சொல்லு இருக்குதல்லோ? கோமங்கலம் தாண்டறப்ப வெயிலுன்னா வெயிலு, அப்படியொரு வெயிலுங்க..."

குப்பண்ணன் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தான். வியாபாரி கையெடுத்துக் கும்பிடப் போனார். கருப்பாத்தாள் பொள்ளாச்சியில் வண்டி நின்றதும் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, நொண்டியபடியே மயிலாத்தாள் இருந்த பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மூலையில் சுருண்டு படுத்தவள், மீனாட்சிபுரம் வரும்வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

ஊருக்குக் கதை அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பங்குனி பிறப்பதற்குள் கவுண்டருக்கு 'ரயில் காவடி' என்று பேர் விழுந்துவிட்டது. முதலில் அவர் கோபப்பட்டார், ஓரிருவரை அடிக்கவும் போனார். அப்புறம் சந்தையில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அடுத்த தைப்பூசத்துக்கும் கருப்பாத்தாள் மயிலாத்தாளோடு நடந்தாள். நடக்க அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. என்ன வேண்டுதல் என்று கவுண்டர் கேட்டதற்கு, "வேண்டுதல் ஒண்ணுமில்லீங்க. கொஞ்சநாளு ஊட்டுல இல்லாம இருக்கலாமல்லோ" என்றாள்.