முன் ஸ்டூலும் பின் ஸ்டூலும்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. 2004 காணும் பொங்கலன்று காலை மாமல்லபுரத்தில் ஒரு கல் ஆமை வாங்கப் போனேன், இரண்டு ஆமைகளோடு திரும்பினேன். கொடுத்த விலையை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை, இங்கேயும் சொல்வதாக இல்லை. செங்கல்பட்டில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. பால்குடி மறப்பதற்கு முன்பே பேரம் பழகியவர்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் என்னைத் தோற்கடித்தாள். கொடுத்த பணத்துக்குக் கதையாவது கிடைக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்து விசாரித்தேன். அவளுடைய அம்மா சொன்னதில் பாதி, நானே சேர்த்தது பாதி. எந்தப் பாதி எது என்று கேட்காதீர்கள், கலப்படக்காரனிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'வளரிளம் பருவத்தினரின் ஆளுமையைத் தீர்மானிப்பது மரபணுவா, சூழலா என்னும் வினா நெடுங்காலமாக' — இதோடு நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள்.

அடுத்தது: 'கடல் இரைந்துகொண்டிருந்தது. இரட்டைப் பெண்கள் இருவரும் அலைகளையே' — இதுவும் பொய். மாமல்லபுரத்துக் கடைக்காரர்கள் கடலைப் பார்த்து நான் கண்டதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் சாலையைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே நேராகவே வருகிறேன். கல் சாமான் கடை ஒன்று. கடையை நடத்துபவர் ஜெகதாம்பாள். பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கல் செதுக்குபவர் அவர் கணவர் தேசப்பன். இரட்டைப் பெண்கள் சங்கவி, லோகு. ஒரே அச்சு. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது என்பதால் சின்ன வயதில் ஒருத்திக்குப் பச்சை கவுன், இன்னொருத்திக்கு நீலம்.

3

1993இல் ஒரு காலை. குழந்தைகளுக்கு ஐந்து வயது. ஜெகதாம்பாள் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து நின்றார். பச்சை கவுன் போட்ட குழந்தை ஒரு கல் ஆமையை எடுத்து அவர் கையில் கொடுத்து நோட்டை வாங்கிக்கொண்டது. அதுதான் அன்றைய போணி. அன்று சாயங்காலத்துக்குள் கடை பாதி காலி.

"சங்கவிக்குக் கைராசி" என்று ஜெகதாம்பாள் முடிவு கட்டினார். பச்சை, சங்கவியின் நிறம்.

(வியாபாரம் தெரியாதவர்களுக்கு: முதல் விற்பனை ராசியான கையால் நடக்க வேண்டும். எங்கள் கடையில் அந்தக் கை என் பெரியப்பாவுடையது. அவருக்குக் காய்ச்சல் என்றால்கூட ஆட்டோவில் வந்து ஒரு டம்ளரை விற்றுவிட்டுப் போய்ப் படுப்பார்.)

மறுநாளிலிருந்து சங்கவிக்கு முன் ஸ்டூல். லோகு திரைக்குப் பின்னால், அப்பாவின் பக்கத்து ஸ்டூலில், ஆமைகளைத் துணியால் துடைத்துக்கொண்டு. பத்து வருடம் இப்படியே போனது. முன்னால் இருந்தவள் நான்கு மொழியில் வாயடித்தாள். பின்னால் இருந்தவள் வாயைத் திறக்கவில்லை. ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது: "பெரியவ அம்மா மாதிரி, சின்னவ அப்பன் ரத்தம்."

பத்தாவது முடித்ததும் சங்கவியைச் செங்கல்பட்டில் பிளஸ் ஒன் சேர்ப்பது, லோகுவைக் கடையின் பின்னாலேயே வைத்துக்கொள்வது என்பது ஜெகதாம்பாளின் கணக்கு. "வாயே இல்லாதது அவ்ளோ தூரம் பஸ்ல போயி இன்னா பண்ணும்?"

லோகுவை யாரும் கேட்கவில்லை.

4

இங்கே ஒருத்தர் வர வேண்டும். பெயர் வைஷாலி. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வசிப்பவர், இரட்டையர்களைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிப்பவர். இவரை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். எழுதும்போதெல்லாம் பாடப்புத்தகம் போலவே பேசினார். ஆனால் அவர் இல்லாவிட்டால் கேள்வித்தாள் இல்லை, கேள்வித்தாள் இல்லாவிட்டால் லோகு எழுதிய அந்த ஒரு வரியும் இல்லை. ஆகவே குறைந்த வேலைக்கு அமர்த்துகிறேன்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின டிசம்பரில் வந்தாராம். அவர் சொன்னதை ஜெகதாம்பாள் எனக்கு நடித்தே காட்டினார்.

"இவங்க ஒரே கருவுலேர்ந்து பிரிஞ்சவங்கம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம். ஒருத்திக்கு அப்பா ரத்தம், ஒருத்திக்கு அம்மா ரத்தம்னு இருக்க முடியாது."

"ரத்தம் ஒண்ணுதாம்மா. கைராசி வேற வேற."

"வளர்ந்த வீடும் ஒண்ணுதானே?"

"வூடு ஒண்ணு. ஸ்டூலு ரெண்டு."

இந்தப் பதிலை வைஷாலி நோட்டில் குறித்துக்கொண்டாராம். நானும் குறித்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் வளர்கிறார்கள் என்கிறோம். உண்மையில் ஒவ்வொரு பிள்ளையும் தனி வீட்டில்தான் வளர்கிறது, முகவரி மட்டும் ஒன்று. இதை எழுத எனக்கு ஒரு பத்தி வேண்டியிருக்கிறது. ஜெகதாம்பாளுக்கு நாலு வார்த்தை போதும்.

கேள்வித்தாளில் ஒன்று: 'புதியவர்களிடம் தயங்காமல் பேசுவேன். எப்போதும் / சில சமயம் / ஒருபோதும் இல்லை.' சங்கவி 'எப்போதும்' என்பதை இரண்டு தடவை டிக் அடித்திருந்தாள். லோகு எதையும் டிக் அடிக்கவில்லை. கீழே எழுதியிருந்தாள்: 'இதுவரை வாய்ப்பு தரவில்லை.'

5

காணும் பொங்கல் என்றால் மாமல்லபுரத்துக்கு வருடத்திலேயே பெரிய கூட்டம். அன்று விடிந்தபோது சங்கவிக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பூசணிக்காய், கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலி, வாயைத் திறக்க முடியவில்லை.

ஜெகதாம்பாள் பாதி திறந்த ஷட்டரை மறுபடி இறக்கப் போனார்.

"கைராசி இல்லாத கையால போணி பண்ணி, வருசம் பூரா பேஜாரு படறதுக்கு, இன்னிக்கி கடையே வாணாம்."

உளிச் சத்தம் நின்றது. தேசப்பன் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். அவர் பேசுவதே பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் சமாச்சாரம்.

"அன்னிக்கி போணி பண்ணது லோகுதான்."

"இன்னாது?"

"நான்தான குளிப்பாட்டி வுட்டேன். கவுனு மாறிப்போச்சி. பச்ச போட்டுகினு இருந்தது லோகு."

"பத்து வருசமா ஏன்யா சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்த. அப்பால சொல்லிக்கலாம்னு வுட்டேன்."

"அப்பாலன்னா பத்து வருசமா?"

"இப்பதான் நேரம் வந்திச்சி."

உளி மறுபடி ஓட ஆரம்பித்தது.

(உங்களுக்குத் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. இந்த மனிதர் அப்போதே அந்த இடத்திலேயே இதை இட்டுக்கட்டிவிட்டாரா? நான் நேரில் கேட்டேன். ஆமையின் இடது கண்ணைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வாயாடி சொல்லும் பொய்யை யாரும் நம்புவதில்லை. பேசாதவன் ஒரு பொய் சொன்னால் அது கல்வெட்டு. உண்மையா பொய்யா என்று இந்தக் கதையில் தீர்க்கப் போவதில்லை, தீர்த்தாலும் ஒன்றும் மாறாது.)

லோகு திரையை விலக்கிக்கொண்டு வந்து முன் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

6

முதல் ஆளாக வந்தவன் நான். வேண்டுமென்றே வந்தேன். போணி நேரத்தில் வந்தவனை எந்தக் கடைக்காரனும் வெறும் கையோடு அனுப்ப மாட்டான், அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம். இது எங்கள் குலத் தொழில் ரகசியம்.

ஆமையைக் காட்டி, "எவ்வளவு, பாப்பா?" என்றேன்.

அவள் ஆமையைப் புரட்டினாள். அடியில் சாக்பீஸில் விலை.

கால் விலை கேட்டேன். அவள் துணியை எடுத்து ஆமையின் முதுகைத் துடைத்தாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. நான் சொன்னது ஒரு விலை என்றே அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அரை விலைக்கு வந்தேன். இப்போது ஆமையின் ஒரு காலைத் துடைத்தாள்.

"காலுல கீறல் இருக்கே?" என்றேன். கீறல் இல்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அந்தக் காலை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஜெகதாம்பாள் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "ஏதாச்சும் பேசேண்டி."

அவள் பேசவில்லை. நான் பேசினேன். முக்கால் என்றேன். என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். பொங்கல் வாழ்த்துச் சொன்னேன். மௌனத்துக்கு எதிரில் ஒரு வியாபாரி எவ்வளவு உளறுவான் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. பத்து வருடமாகத் திரைக்குப் பின்னால் அவள் கேட்டது இதைத்தான்: முதலில் பேசுகிறவன் இறங்குவான். முழு விலைக்கு நான் வந்தபோது, அவள் இன்னொரு ஆமையை எடுத்துத் துடைத்து முதல் ஆமையின் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டையும் வாங்கினேன். நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் நீட்டினாள்.

7

கூட்டம் ஓய்ந்தபோது பிற்பகல். அலமாரியில் எல்லாத் தட்டும் காலி. நான் கதை கேட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தேன், எனவே அடுத்து நடந்ததற்கு நானே சாட்சி.

"கைராசிக்காரிடி நீ" என்றார் ஜெகதாம்பாள். "இன்னா வோணும், சொல்லு. பாவாட தாவணி எடுக்கலாமா?"

லோகு மிஞ்சியிருந்த ஒரே ஆமையைத் துடைத்தாள்.

"சரி, கொலுசு."

துடைத்தாள்.

"டைப்ரைட்டிங் சேத்து வுடறேன். பஸ் ஸ்டாண்டாண்டதான் கீது."

ஆமையின் வால் வரைக்கும் வந்துவிட்டாள்.

"அய்ய, பிளஸ் ஒன்னு இங்கயே படி. அதுக்கு மேல கேக்காத."

அவள் எங்கே கேட்டாள்? ஆமையை இந்தப் பக்கம் திருப்பி மறுபடி தலையிலிருந்து ஆரம்பித்தாள். திரையை விலக்கி ஒரு வீங்கிய முகம் எட்டிப் பார்த்தது. சங்கவி, வாயைப் பாதிதான் திறக்க முடிந்தும் விடவில்லை: "எம்மா, நீ இறங்கிகினே கீற."

ஜெகதாம்பாள் என்னைப் பார்த்தார். தோற்றவன் தோற்றவளைப் பார்த்துச் சிரித்தேன்.

"செங்கல்பட்டு. ரெண்டு பேருக்கும் பஸ் பாஸு. காலைல போணி மட்டும் பண்ணிட்டு ஓடு. போதுமாடி, மவராசி?"

லோகு துணியை மடித்து வைத்தாள். "போதும்மா" என்றாள். அன்று நான் கேட்ட அவளுடைய ஒரே சொல் அதுதான். திரைக்குப் பின்னால் உளிச் சத்தம் இல்லை. தேசப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

8

வாய் திறவாமை அப்பன் ரத்தம்தான், சரி. அது அக்காவுக்குள்ளும்தான் ஓடுகிறது. பின் ஸ்டூல் அம்மா போட்டது, அதுவும் சரி. ரத்தத்தையும் ஸ்டூலையும் இணைத்து ஓர் ஆயுதம் செய்தது யார் என்று வைஷாலியின் தாளில் கேள்வி இல்லை. இருந்திருந்தால் அதற்கு மட்டும் லோகு டிக் அடித்திருப்பாள்.

இனி முடிவு. அவள் எதுவரை படித்தாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். போன மாதம்கூட அவளைப் பார்த்தேன். ஆனால் என்னிடம் இரண்டு ஆமைகள் இருக்கின்றன, ஒரு பாடமும் இருக்கிறது. நீங்களே ஒன்று சொல்லுங்கள்.

பிளஸ் டூ என்கிறீர்களா?

நான் ஆமையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

டிகிரி?

இதோ, வால் வரைக்கும் வந்துவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் ஏறுங்கள்.