தூண் பாறையில் மஞ்சு

எண்பத்திரண்டாம் வருடத்து மே சீசன். டூர் வேன் கைடு உபகாரத்துக்கு அன்றைக்கு அது மூன்றாவது சுற்று, தொண்டை கட்டிப்போயிருந்தது. தூண் பாறையில் மஞ்சு மூட்டம் அடைத்துக்கொண்டு கிடந்தது. "அந்தா, அங்கனதான் மூணு பாறை நிக்குதுங்க. நானூறு அடி ஒசரம்" என்று வெறும் வெள்ளையைப் பார்த்துக் கை நீட்டினார். மதுரைக் கூட்டம் அரை மணி நேரம் குளிரில் நடுங்கிவிட்டு, பாறையை அவரே ஒளித்துவைத்தது போல முறைத்துக்கொண்டு வேனில் ஏறியது. மேகத்துக்கு நானா சாவி வைத்திருக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வேன் முதல் வளைவை எட்டுவதற்குள், கடைசி சீட்டில் சரிந்திருந்த உபகாரம் தற்செயலாகப் பின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். மஞ்சு விலகி, மூன்று பாறைகளும் வெயிலில் பளிச்சென்று நின்றன. வண்டியை நிறுத்த வேண்டும். எல்லாரையும் இறக்கி, மறுபடி நானூறு அடி என்று கத்தி, தலை எண்ணி ஏற்ற வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்தில், மலைப்பாதை முழுக்க வாந்தியெடுத்த குழந்தைகளை மடியில் போட்டிருந்த பெண்ணும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லிப்புடாதீங்கண்ணே. இப்பத்தான் பிள்ளைக கண்ணசந்துச்சுக."