துடைக்காமல் இயக்கவும்

என் மனைவியின் தம்பி எனக்குத் தரவேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. சின்னப் படகு ஒன்று எடுப்பதற்காக என்னிடம் வாங்கிய கடனில் மிச்சம் அது. படகு முழுகிவிட்டது, கடன் முழுகவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் கட்டி சுமந்து, மாதத்தின் முதல் ஞாயிறு எண்ணூறு கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைப்பான். படகு போனது தன் கவனக்குறைவால் என்று அவன் நம்பினான். அப்படி நம்ப வைத்தது நான்.

நான் படகுச் சுவிட்ச் செய்யும் தொழிற்சாலையில் சோதனை அறையில் இருந்தேன். இருபத்தைந்து வருடம் மூட்டை தூக்கி முட்டி தேய்ந்தபின், உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தால் தருகிறோம் என்றார்கள். நாற்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வேலை இதுதான். ஒரு பெட்டிக்கு ஐம்பது சுவிட்ச். அதில் ஐந்தை எடுத்து உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று நாள் முழுக்கி வைக்க வேண்டும். பிறகு எடுத்து பாட்டரியோடும் ஒரு பல்போடும் இணைத்து, இருநூறு தடவை கையால் தட்ட வேண்டும். டொக் என்றால் எரிய வேண்டும், டொக் என்றால் அணைய வேண்டும். ஐந்தும் எரிந்தால் பெட்டி தேறியது என்று பதிவேட்டில் எழுதுவேன். அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுத் தாழ்ப்பாளை உப்பு பாதி தின்றிருந்தது. என் விரல் இடுக்குகளையும்தான். எனக்கு அங்கே பெயரே டொக்கு. "டொக்கண்ணே, வீட்ல லைட்டையும் இருநூறு தடவ போட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பீங்களா?" என்று பேக்கிங் ஆட்கள் கேட்பார்கள்.

மச்சானுக்கு அவன் படகில் மாட்ட ஒரு சுவிட்சை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், தொழிலாளிக்குத் தரும் விலையில். படகின் அடியில் சேருகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ள ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதற்கான சுவிட்ச். "என் கையால பாத்தது மாப்ள. படகு மக்கிப் போனாலும் இது மக்காது" என்று பெருமை அடித்தேன்.

ஒரு மழைநாள் சாயங்காலம் படகு முழுகியது. காலித் தகர டின் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை மிதந்தவனை வேறொரு படகுக்காரர் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் போனபோது உதடெல்லாம் வெடித்துக் கிடந்தான்.

"தட்டினேன் மாமா. டொக்குன்னு கேட்டுச்சு. மோட்டார் ஓடுதுன்னு எஞ்சினையே பாத்துட்டு இருந்துட்டேன். திரும்பிப் பாத்தா முட்டி வரைக்கும் தண்ணி."

"நெனப்புல தட்டியிருப்பே மாப்ள. கையால தட்டியிருக்க மாட்டே. நம்ம சுவிட்ச் போகாது."

பக்கத்துக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வார்த்தை எனக்கு முன்னாலேயே படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அவனுக்கு "நெனப்புத்தட்டி" என்று பெயர் விழுந்தது. அதன்பின் யாரும் அவனைத் தங்கள் படகில் ஏற்றவில்லை. நினைப்பில் தட்டுகிறவனை நம்பி யார் தண்ணீருக்குள் போவார்கள்? முதல் மாதம் சண்டை போட்டான். இரண்டாம் மாதம், "தட்டினேன்னுதான் ஞாபகம்" என்றான். நான்காம் மாதம் அதையும் சொல்லவில்லை.

ஏழு தவணை கொடுத்திருந்தான். எட்டாவதற்கு முன்னால், சோதனை அறைச் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாள் உப்பில் ஊறி உதிரத் தொடங்கியது. மேற்பார்வையாளர் அம்மா ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து, "அண்ணே, கிழியறதுக்குள்ள இதைப் பாத்து எழுதி வச்சிருங்க" என்றார். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுவது அவர் வேலை என்பதால் அவருக்குக் கையெழுத்தம்மா என்று பெயர்.

வயதான பிறகு எழுத்துப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லின் தலையைப் பார்ப்போம், உடம்பை ஊகித்துவிடுவோம். பஸ் பலகையை அப்படித்தான் படிப்போம், மருந்துச் சீட்டையும் அப்படித்தான். பார்த்து எழுதும்போது அது நடக்காது. ஒவ்வொரு எழுத்தாக இறங்கி வரவேண்டும். ஐந்தாவது வரியில் அப்படி இறங்கி வந்தேன். துடை. பிறகு க். பிறகு கா. பிறகு ம, ல்.

"நீரிலிருந்து எடுத்தவுடன் துடைக்காமல் இருநூறு முறை இயக்கவும்."

ஒன்றரை வருடமாக நான் துடைத்துக்கொண்டிருந்தேன். துடை என்று பார்த்ததும் துடைக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கண் அந்த வால்வரை போகவே இல்லை.

பேனாவை வைத்துவிட்டு, தொட்டியில் மூன்று நாள் முடிந்த ஐந்தை எடுத்தேன். துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டத் தட்டினேன். சுவிட்சுக்கு மேலே ஒரு ரப்பர் மூடி. தட்டும்போது அமுங்கும், விட்டால் எழும்பும். எழும்பும்போது மூச்சு இழுப்பதுபோல மேலே நிற்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும். துடைத்துவிட்டால் இழுக்க ஒன்றும் இருக்காது. படகில் யார் துடைக்கப்போகிறார்கள்?

முதலாவது எண்பத்தாறில் நின்றது. டொக் சத்தம் மட்டும் வந்தது, பல்பு எரியவில்லை. இரண்டாவது தேறியது. மூன்றாவது முப்பத்தொன்றில் போனது. மற்ற இரண்டையும் எண்ணாமலே தட்டினேன்; நான்காவதும் போனது, ஐந்தாவது கடைசிவரை எரிந்தது. டொக்குன்னு கேட்டுச்சு மாமா என்று அவன் சொன்னதுதான் காதில் இருந்தது.

கையெழுத்தம்மா வந்து பதிவேட்டைப் பார்த்தார்.

"என்னண்ணே இது? அஞ்சுல மூணு போச்சுன்னு எழுதியிருக்கீங்க? நேத்து வரைக்கும் ஒண்ணு போகலையே."

"நேத்து வரைக்கும் துடைச்சேம்மா."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. பழைய தாளைப் படித்தார், என் அட்டையைப் படித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க துடைக்கறப்பல்லாம் நானும் பாத்துட்டுத்தானே போனேன்? சுத்தமா வேலை செய்றாரேன்னு புதுத் துணி வேற வாங்கிக் குடுத்தேன்."

"ஆமாம்மா. ரெண்டு துணி."

"எத்தனை பெட்டி போயிருக்கு?"

"நாப்பத்தாறு."

"மேல சொன்னா உங்க வீட்லயும் அடுப்பு எரியாது, என் வீட்லயும் எரியாது. இன்னிலேர்ந்து துடைக்காதீங்க. போனது போனதாவே இருக்கட்டும்."

நான் தலையை ஆட்டியிருப்பேன். ஆட்டவும் தொடங்கினேன். இந்த நாற்காலியை விட்டால் என் முட்டிக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் வருகிற ஞாயிறு அவன் வருவான். எண்ணூறைப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்துவிட்டு, "லேட்டாயிடுச்சு மாமா, தப்பா நெனைக்காதீங்க" என்பான். அதை வாங்கிச் சட்டைப்பையில் போட வேண்டும்.

"என் மச்சான் படகுல இருந்ததும் இதுல ஒண்ணும்மா" என்றேன்.

அவருக்குப் படகு முழுகிய கதை தெரியும். நெனப்புத்தட்டி ஜோக்கும் தெரியும்.

பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான் எதுவும் எழுதியதே கிடையாது. அன்று எழுதினேன். "நான் தொடைத்துவிட்டு தட்டினேன். நாற்பத்தாறு பெட்டியும் தேறியது என்று எழுதியது தவரு." எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, தொடைத்து என்பதைத் துடைத்து ஆக்கினார், கடைசி ரு-வை அடித்து று போட்டார், கீழே கையெழுத்தும் போட்டார்.

மறுநாளே கடைகளுக்கு ஆள் போனது. முப்பத்தொரு பெட்டி திரும்பி வந்தது. மற்றதெல்லாம் சில்லறையில் விற்றுப்போயிருந்தது. யார் வாங்கினார்கள் என்று கடைக்காரர்களுக்கு நினைவில்லை. அம்மாவை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். என்னை மறுபடி மூட்டைக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். என் மனைவி, "ஐஸ் தூக்கித் தூக்கி நீயே ஐஸாயிட்டேடா, கையைப் பாரு" என்று திட்டிக்கொண்டே டீ போடப் போனாள். அவன் எண்ணூறை மேசைமேல் வைத்தான்.

"எண்ணிப் பாருங்க மாமா. எண்றதுதானே உங்க வேலையே."

"அந்த வேலை போச்சு மாப்ள."

"அய்யய்யோ, ஏன்?"

சொன்னேன். துணி, தொட்டி, அந்த ஐந்தாவது வரி, பல்பு எரியாமல் வந்த டொக் சத்தம், எல்லாம் சொன்னேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அப்போ நான் தட்டினேன்."

"தட்டினே மாப்ள."

"கையாலதான் தட்டினேன்."

"கையாலதான்."

"ஏழு மாசமா படுத்தா தூக்கம் வராது மாமா. இந்தக் கையை நீட்டி நீட்டிப் பாப்பேன். தட்டினியா, தட்டினியான்னு இதுகிட்ட கேப்பேன்." வலது கையை மடியில் கவிழ்த்துக்கொண்டான். "துறையில எல்லாரும் சொன்னாங்க, விடுங்க. நீங்க ஏன் மாமா சொன்னீங்க?"

எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். படகு முழுகியபின் அவன் கொடுத்த ஏழு தவணையும் அலமாரியில் அப்படியே இருந்தது. ஐயாயிரத்து அறுநூறு. அதையும் அன்றைய எண்ணூறையும் அவன் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்பான் என்று எண்ணினேன். எடுத்து எண்ணினான். முழுதும் எண்ணி முடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"மீதி?"

"தர வேண்டாம் மாப்ள. கடன் கிடையாது. படகுக்கு நான்தான் உனக்குத் தரணும், என்கிட்ட இல்ல."

"எழுதிக் குடுங்க."

"டேய், மாமா சொல்றாரில்ல" என்றாள் என் மனைவி.

"சும்மா இரு அக்கா. இவரு வாய்ச்சொல்ல நம்பித்தான் அந்தச் சுவிட்சை மாட்டினேன்."

காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன். முப்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது, இனி எனக்குத் தர வேண்டியதில்லை. எண்ணாக மட்டும் போட்டால் போதாது, எழுத்திலும் வேண்டும் என்றான். எழுத்தில் எழுத எனக்கு நேரம் பிடித்தது. அவன் உட்காரவில்லை, டீயைத் தொடவில்லை, நின்றபடியே காத்திருந்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் படித்தான், நான்காக மடித்தான், "வரேன் அக்கா" என்றான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு என் மனைவி வழக்கம்போல மூன்று டம்ளர் எடுத்து வைத்தாள். கடன் இல்லாதவன் எங்கள் வீட்டுக்கு எதற்கு வருவான்?