தங்கத்துக்கு இரவல் கொடுத்த கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கட்டுரை தோட்டத்து லயத்து வீடுகளின் வாட்சப் குழுவில் வந்து விழுந்தது. யோகேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். எழுதியவள் சுபத்ரா. தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி என்று கே.எல். என்கிற கோலாலம்பூரிலிருந்து வந்து, ஆறு மாதம் இந்த லயத்திலேயே தங்கி, எல்லார் வீட்டுச் சோற்றையும் தின்ற பெண்.

கட்டுரையில் 'தங்கம்' என்று ஒருத்தி வந்தாள். லோரி ஓட்டும் புருஷனிடம் அடிபட்டுக் கை முறிந்த ஒரு பெண்ணை, விடியும் முன்னே தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாளாம் அந்தத் தங்கம்.

அனுப்பியது யோகேஸ்வரிதான். இரண்டு வருஷமாயிற்று. அந்தப் பெண் குமுதா, விஜயனின் பெண்டாட்டி. "எந்த ஊருக்குப் போறேன்னு என்கிட்டகூடச் சொல்லாத" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினாள். எப்போதாவது தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு வரும், அவ்வளவுதான். சுபத்ராவைத் தவிர வேறு ஈ காக்கைக்கு இந்த விஷயம் தெரியாது.

படிக்கப் படிக்க யோகேஸ்வரிக்கு மூச்சு வந்தது. தங்கத்துக்குப் புருஷன் இருந்தான். யோகேஸ்வரி தாலியறுத்துப் பன்னிரண்டு வருஷம். பெயரை மாற்றுவேன், ஆளே தெரியாமல் பண்ணிவிடுவேன் என்று சொன்னபடியே செய்திருக்கிறாள், கெட்டிக்காரி. அப்பாடா என்று அடுத்த வரிக்கு வந்தாள்.

'தங்கம் இடது கையால் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுபவர்.'

அடிப்பாவி!

கே.எல்.லில் இருப்பவர்களுக்கு இடது கை, வலது கை எல்லாம் ஒன்றுதான். தோட்டத்தில் அப்படியா? எல்லாரும் வலது கையால் வெட்டிக்கொண்டு போகிற நிரையில் ஒருத்தி மட்டும் இடது கையால் வெட்டினால், கத்தரி பக்கத்துக்காரியின் விலாவைப் பதம் பார்க்கும். அதனால் கங்காணி அவளை எப்போதும் ஓரத்து நிரையில்தான் நிறுத்துவார். இருபது வருஷமாக ஓரத்து நிரை இடது கைக்காரி சரோஜாவுடையது. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அந்தச் சரோஜா வேறு யாருமில்லை, குமுதாவின் சித்தி. பிள்ளை உயிரோடு இருக்கிறாளா, அடித்துப் புதைத்துவிட்டானா என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டு அழுகிறவள். அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் இரண்டு வருஷம் கொழுந்து வெட்டினாள் யோகேஸ்வரி. குமுதா கேட்டுக்கொண்டது அப்படி. சரோஜாவுக்குத் தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவள் புருஷன் முருகையா வேறு விஜயனோடு ஒரே லோரியில் போகிறவன்.

குழுவில் அடுத்த செய்தி வந்தது. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த விஜயன் ஒரே வார்த்தைதான் போட்டிருந்தான். 'வர்றேன்.'

யோகேஸ்வரி சுபத்ராவுக்குப் போன் அடித்தாள். நல்ல வேளை, ஏதோ கூட்டத்துக்காக அவள் தானா ராத்தாவில்தான் தங்கியிருந்தாள். முக்கால் மணி நேரத்தில் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, உங்களைக் காப்பாத்தத்தான் அப்படி எழுதினேன். ரெண்டு மூணு பேரோட விவரத்தைக் கலந்து ஒரே ஆளா ஆக்குறது. ஆராய்ச்சியில எல்லாரும் செய்றதுதான்க்கா."

"என்னைக் காப்பாத்த சரோஜா கையத்தான் எடுத்து ஒட்டணுமா? உனக்கு வேற கையே கெடைக்கலியா?"

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். அது நிஜ ஆள் இல்ல, நானா உருவாக்குனதுன்னு."

"அப்ப குமுதா கை முறிஞ்சதும் நீயா உருவாக்குனதா? அத வெச்சே அவன் தப்பிச்சிடுவான்லா."

சுபத்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உங்க பேரை மட்டும் நீங்க சொல்லாதீங்கக்கா. உங்க பேர் வெளிய வராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். யோகேஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து எறியலாம் போலிருந்தது. அதற்குள் கீழே லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

இருவரும் ஓடினார்கள். சரோஜா வீட்டு வாசலில் பாதி லயம் கூடியிருந்தது. விஜயன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

"என் பொண்டாட்டிய எங்க வெச்சிருக்கீங்க? சொந்தச் சித்தியே குடும்பத்தக் கெடுப்பாளா? இவ இல்லன்னா, சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும்!"

முருகையா தட்டில் சூடத்தைக் கொளுத்தி, பெண்டாட்டி முன்னால் நீட்டினான். "சரோ, நீ பண்ணலதானே? அணைச்சுட்டுப் போயேன். முடிஞ்சது வேலை."

சரோஜா அசையவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பண்ணு சரோ!"

"மாட்டேன்" என்றாள்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. யோகேஸ்வரிக்கு ஒரு நொடி ஒன்றுமே புரியவில்லை. செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்ல என்ன கேடு இவளுக்கு? பிறகு சுரீரென்று உறைத்தது. சரோஜாவும் கட்டுரையைப் படித்திருக்கிறாள். தன் பிள்ளையை யாரோ ஒருத்தி காப்பாற்றியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தான் இல்லையென்று சத்தியம் செய்தால், அடுத்து அந்த யாரோ ஒருத்தியைத் தேடுவார்கள். யாரென்றே தெரியாதவளுக்காக அடி வாங்கத் தயாராக நிற்கிறாள், பைத்தியக்காரி.

விஜயன் இரண்டாவது படியில் ஏறிக் கையை ஓங்கினான்.

"டேய்!" யோகேஸ்வரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நடுவில் நின்றாள். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுட்டது. "சத்தியமா நான்தான். நான்தான்டா அவள பஸ் ஏத்துனேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"எங்க அவ?"

"எனக்குத் தெரியாது. சொல்லாதன்னு நானே சொல்லிட்டேன். உன்ன மாதிரி ஒருத்தன் கேப்பான்னுதான். ஆஸ்பத்திரியில அவ கை எப்படி முறிஞ்சதுன்னு டாக்டர் எழுதின கடுதாசி அவகிட்ட இருக்கு. உன் பேரைப் போட்டு போலீஸ்ல குடுக்க வேணாம்னு அவதான் என் கையப் புடிச்சு அழுதா. இன்னொரு படி ஏறிப் பாரு. குடுக்க வெக்கிறேனா இல்லியா பாப்போம்."

விஜயன் முருகையாவைப் பார்த்தான். முருகையா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் தோளைப் பிடித்தான். "எறங்கு" என்றான். "கையையாடா முறிச்ச? படியில விழுந்து கை ஒடைஞ்சிடுச்சுன்னுதானே என்கிட்ட சொன்ன? எறங்குடா கீழ."

விஜயன் திட்டிக்கொண்டே போனான். சும்மா விடமாட்டானாம். லோரி கிளம்பிப் போன பிறகுதான் யோகேஸ்வரி படியில் உட்கார்ந்தாள். சரோஜா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, வெந்த உள்ளங்கையில் ஊற்றினாள்.

சுபத்ரா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "சரோஜாக்கா, என்னை மன்னிச்சிடுங்க. கட்டுரையை எடுத்துடச் சொல்லிட்டேன்."

சரோஜா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. யோகேஸ்வரியிடம்தான் கேட்டாள். "இந்தப் புள்ளைக்கு எத்தன தடவ சொன்ன?"

"என்னது?"

"குமுதா கதைய. எத்தன தடவ சொன்ன?"

"மூணு தடவ. டேப்புல புடிச்சா. சரியா இருக்கான்னு மறுபடி மறுபடி கேட்டா."

"மூணு தடவ" என்றாள் சரோஜா. சொம்பை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அழுது தீராததெல்லாம் அப்போதுதான் வெடித்தது. சுபத்ரா கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே காரை நோக்கி நடந்தாள்.

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு ஒரு தடவ சொல்லு" என்றாள்.