அண்ணி வீட்டுத் தூசி

1

இலக்கியத்தின் தலையாய கடமை, குரலற்றவர்களின் குரலாக ஒலிப்பது.

இந்த வரியை மேடைகளில் பலமுறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆகவே இந்தக் கதைக்கும் அதையே முதல் வரியாகப் போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்து, கொஞ்ச நேரம் அதன் அழகை ரசித்தேன். பிறகுதான் உறைத்தது. இந்தக் கதையில் வரும் பெண்மணி வீடு வீடாகப் போய்ப் பேசி வேக்குவம் கிளீனர் விற்பவர். விற்றால் கமிஷன், விற்காவிட்டால் கால்வலி. பேச்சுதான் அவருக்குச் சோறு போடுகிறது. என் குரலை இரவல் வாங்கினால் அவருக்கு நட்டம்.

வரியை அடிக்கவில்லை. கைதட்டு வாங்கிய வரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

கதை பிறந்த விதத்தையும் மறைப்பானேன். "தயவுசெஞ்சு இதை எங்கயும் எழுதிடாதீங்க சார்" என்று ஒரு கவிஞர் தொலைபேசியில் கெஞ்சினார். அதுவரை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை.

2

முதல் தொடக்கம்: "கொளுத்தும் வெயிலில், முதுகை வளைக்கும் பாரத்தைச் சுமந்து, கண்களில் ஏக்கத்தோடு அவள்"

நிறுத்திவிட்டேன். அன்று மேகமூட்டம். இயந்திரம் இருந்த பைக்குச் சக்கரம் உண்டு. கண்களில் இருந்தது ஏக்கமில்லை, கணக்கு. எந்த வீட்டில் மெத்தை இருக்கும், எந்த வீட்டில் பாயோடு நிறுத்தியிருப்பார்கள் என்று திரைச்சீலையைப் பார்த்தே சொல்லிவிடுவாராம்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் ஒரு"

ஒரு என்ன? அபலையா, வீராங்கனையா? இரண்டு சொல்லையும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அவர் உயரத்துக்குச் சரியாக வரவில்லை. ஒன்று குட்டை, ஒன்று தொளதொள. போதாக்குறைக்கு "அவள்" என்று எழுதவும் கை வரவில்லை. அவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கூட வேலை செய்பவர்கள் அவரை "ஒத்தமணி" என்பார்கள். அழைப்புமணியை ஒரே ஒரு தடவைதான் அடிப்பார். இரண்டாவது தடவை அடித்தால் உள்ளே இருப்பவருக்குக் கோபம் வரும், கோபமாக வருகிறவர் கதவைத் திறப்பது சாத்துவதற்குத்தான் என்பது அவர் கட்சி. அடித்துவிட்டு இரண்டடி பின்வாங்கி, வாசலில் இருக்கும் செடியையோ செருப்பையோ பார்த்தபடி நிற்பார். நேருக்கு நேர் நின்றால் கடன் வசூலிக்க வந்தவர் மாதிரி இருக்குமாம். உள்ளே போனால் "வாங்கிக்குங்க" என்ற சொல் வாயில் வராது. இயந்திரத்தின் சுவிட்சை வீட்டுக்காரர் கையாலேயே போட வைப்பார்.

(இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவருடைய மேலாளர். பாதி நான் பார்த்தது, பாதி அந்த மேலாளர் சொன்னது, இடைவெளியில் இருப்பது என் கைச்சரக்கு. எது எது என்று பிரித்துக் காட்ட மாட்டேன். தொழில் ரகசியம் அவருக்கு மட்டும்தானா?)

3

அந்த மேலாளரை "டை" என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள். வெயிலோ மழையோ கழுத்தில் டை இருக்கும். ஒத்தமணியைவிட வயதில் சின்னவர். காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, "நாம யாரு?" என்று கத்துவார். "ஜெயிக்கிறவங்க!" என்று வட்டம் கத்த வேண்டும். ஒத்தமணியும் கத்துவார், குழந்தைக்குச் சோறூட்ட "ஆ" காட்டுகிற அம்மாவைப் போல.

முதல் பிரதியில் டைதான் வில்லன். ஒரு பத்தியில் அவரைத் தெருநாயை உதைக்கவும் வைத்தேன். நாய் ஒத்துழைக்கவில்லை; அவரிடம் வாலாட்டிக்கொண்டு நின்றது. விசாரித்தால், ஒத்தமணியின் கமிஷனில் ஒரு துண்டுதான் அவர் வருமானம். ஒத்தமணி விற்காவிட்டால் டைக்கும் பட்டினி. வில்லனாக இருக்க வசதி வேண்டும்.

அந்த டைதான் அன்று காலை ஒத்தமணியை ஓரமாகக் கூப்பிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: கொஞ்ச நாளாகவே உங்க பக்கம் ஒண்ணும் நகரல, இன்னிக்கும் ஒரு ஆர்டர் வரலைன்னா பையைத் திருப்பி வாங்கிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, இன்னிக்கு நானும் கூட வர்றேன்.

ஒத்தமணி அழவில்லை. (அழ வைத்துப் பார்த்தேன். பொய்யாகப் பட்டது.) ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் பேசுறத யாரும் முழுசாக் கேட்டதில்ல தம்பி. இங்கதான் ஒரு குடும்பமே உட்கார்ந்து கேக்குது. பையை மட்டும் கேக்காதீங்க."

4

அன்று அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தெருவின் பெயரைக் கேட்டதும் ஒத்தமணி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அது அவருடைய நாத்தனார் குடியிருக்கும் தெரு.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. ஒத்தமணி அவரை வாய் நிறைய "அண்ணி" என்றுதான் கூப்பிடுவார். தம்பி மனைவி வீடு வீடாக ஏறி இறங்குவது அந்த அண்ணிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. "நிர்வாகத்துல இருக்கா" என்றுதான் சொந்தபந்தத்திடம் சொல்லி வைத்திருந்தார். அடுத்து வந்த கல்யாணத்தில் அது துணை மேலாளர் ஆயிற்று. அதற்கடுத்த காதுகுத்தில் முழு மேலாளர். கம்பெனி தராத பதவி உயர்வையெல்லாம் நாத்தனார் தந்துகொண்டிருந்தார்.

எதிர்ச்சாரியை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒத்தமணி கேட்டுப் பார்த்தார். அது வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு வீட்டைத் தாண்டிப் போகலாமா என்றால், அதுதான் இந்தத் தொழிலில் ஆகாத காரியம். "பக்கத்து வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டின் பதில்தான் இந்த வீட்டுக்கு முதலீடு. அதனால் முந்தைய வீட்டிலேயே நேரத்தைக் கடத்தினார். அங்கே இருந்த பெரியவரிடம் மெத்தை இல்லை. அவருடைய தலையணைக்கே முழு விளக்கமும் நடந்தது.

இப்போது அண்ணி வீட்டுக் கூடத்துக்கு வாருங்கள். நான் அங்கேதான் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்கு? அண்ணியின் கணவர் ஒரு கவிஞர். அலுவலக நேரம் போக மீதி நேரத்தில். உழைக்கும் மக்களைப் பற்றி ஒரு தொகுப்பு எழுதி, அணிந்துரைக்காக என்னை வரவழைத்திருந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். (அணிந்துரை கேட்கிற வீடுகளுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போவேன்.) வியர்வையைப் பற்றி ஒரு கவிதையை அவர் உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஒரு தடவை.

5

அண்ணி கதவைத் திறந்தார். வாசலில் தம்பி மனைவி, பின்னால் டை கட்டிய ஒருவர், நடுவில் சக்கரம் வைத்த பை.

யார் முதலில் பேசினார்கள் என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. ஒத்தமணிதான் பேசினார். "வணக்கம் மேடம், ரெண்டு நிமிஷம் கிடைக்குமா?"

அதாவது, அண்ணி, உங்களை எனக்குத் தெரியாது, நீங்க பயப்பட வேண்டாம். அந்த "மேடம்" என்ற ஒரு சொல்லில் நாத்தனாருக்கு ஒரு முழுக் குடையை விரித்துப் பிடித்துவிட்டார். நாத்தனாரும் குடைக்குள் வந்துவிட்டார். எங்களுக்கு எதுவும் வேண்டாம்மா, வீட்டுல விருந்தாளி இருக்காங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனார். அங்கேயே எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஒத்தமணியின் வேலை போயிருக்கும்; அண்ணியின் மானம் தப்பியிருக்கும்.

கெடுத்தது கவிதை. "உழைக்கிறவங்கள வாசல்ல நிக்க வைக்கலாமா? உள்ள வரச் சொல்லு" என்று கவிஞர், வாசலைப் பார்க்காமல், என்னைப் பார்த்தபடி முழங்கினார். நானும் தலையை ஆட்டிப் பாராட்டினேன். பிறகுதான் திரும்பினார். உள்ளே வந்த உழைப்பாளி அவருக்குத் தங்கச்சி முறை. திறந்த வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த கவிதையால் மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போது எதுவும் தெரியாது; இந்த உறவுமுறையெல்லாம் கவிஞர் பிறகு போனில் கெஞ்சியபோது வெளிவந்தது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதை மறந்துவிட்டு மூன்று பேரும் சுவரைப் பார்க்கிறார்களே என்று மட்டும் நினைத்தேன்.

6

இந்த இயந்திரத்தை விற்கும் முறை என்னவென்றால், குழாயின் வாயில் ஒரு வட்டமான வெள்ளைத் துணியை வைத்து, மெத்தைமேல் ஓட்டி, துணியை எடுத்து எல்லார் கண்ணுக்கும் முன்னால் தரையில் வைப்பார்கள். துணி கறுத்திருக்கும். இன்னொரு துணி. அதுவும் கறுத்திருக்கும். வரிசையாக வைத்துக்கொண்டே போவார்கள். ஒரு வாதமும் வேண்டாம். அந்த வரிசையே வீட்டுக்காரரைத் தலைகுனிய வைத்துவிடும். தலை குனிந்தவர் கையெழுத்தும் போடுவார்.

"படுக்கையறை மெத்தையிலயே காட்டிடலாம் மேடம்" என்றார் டை உற்சாகமாக.

ஒத்தமணிக்கு அந்த மெத்தையைத் தெரியும். விசேஷங்களுக்கு வந்தால் அதில்தான் படுப்பார். ஒரு துணி போதாது, ஒரு டஜன் கறுக்கும் என்று தெரியும். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டைப் பளிங்கு மாதிரி வைத்திருப்பவர் என்று பெயரெடுத்தவர் அண்ணி.

இங்கே எழுத்தாளன் என்ற முறையில் எனக்குச் சில வசதிகள் இருந்தன.

ஒன்று: ஒத்தமணி மெத்தையை உரித்துக் காட்டுகிறார். கறுப்புத் துணிகள் கூடத்தில் அணிவகுக்கின்றன. அத்தனை வருடத்துப் பொய்க்கும் பழி தீர்கிறது. எழுதிப் பார்த்தேன், சுகமாக இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவன் நான். அதில் பழி கிடையாது.

இரண்டு: குழாயைப் பட்டும் படாமலும் ஓட்டி வெள்ளைத் துணியை வெள்ளையாகவே எடுக்கிறார். அண்ணி மானம் மிஞ்சும், பை போகும். தியாகம். என் வாசகர்களில் சிலருக்குத் தியாகம் பிடிக்கும். டைக்குப் பிடிக்காது, பக்கத்திலேயே நிற்கிறார்.

மூன்றாவதாக ஒன்று எனக்குத் தோன்றவே

(இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது. தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.)

"மெத்தை எதுக்கு?" என்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார் ஒத்தமணி. "சார், தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

நின்றேன். என் கோட்டின் தோளில் குழாயை வைத்தார். சுவிட்சை அண்ணியின் கையாலேயே போட வைத்தார். ஒரு தோள், மறு தோள், முதுகு. இயந்திரம் உறுமிற்று. துணியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி பிடித்தார். அடுப்புக்கரியை இடித்துப் பூசின மாதிரி இருந்தது.

"வீடு சுத்தமாத்தான் இருக்கு மேடம்" என்றார். "வெளியிலேர்ந்து வர்றவங்க கொண்டாந்து கொட்டுறதுதான் இம்புட்டும்."

அண்ணி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்து அறையில் மெத்தை தன் பாட்டுக்குக் கிடந்தது. இலக்கியச் சமூகத்தின் சார்பில் நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

இதைவிட நேர்த்தியான ஒரு திருப்பத்தை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. அவர் பொய் சொல்லவில்லை, இயந்திரத்தைக் குறைத்துக் காட்டவில்லை, அண்ணியைக் காட்டிக் கொடுக்கவில்லை, எதிரே நின்ற ஆளுக்கு வலிக்கவும் இல்லை. ரொம்ப வலிக்கவில்லை.

7

"ஒண்ணு எழுதிக்கோங்க" என்றார் அண்ணி. கவிஞர் கையெழுத்துப் போட்டார். டை, டையைத் தளர்த்திக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் இந்தத் தொழிலில் கையெழுத்து முடிவில்லை. வாங்கியவர் மனம் மாறினால் ஒரு வாரத்துக்குள் போன் போட்டு வேண்டாம் என்றுவிடலாம். ஆர்டர் ரத்து, கமிஷனும் ரத்து. அதோடு பையும் போய்விடும். விருந்தாளிக்கு முன்னால் வாங்கி, விருந்தாளி போனபின் ரத்து செய்கிற வீடுகள்தான் அதிகம் என்று டை பிற்பாடு சொன்னார்.

ஒத்தமணி பையைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார். டை முன்னால் படியிறங்கிவிட்டார். அப்போது அண்ணி, செருப்பை மாட்டிக்கொள்ளாமல், பின்னாலேயே வெளியே போய்க் கதவை ஒருக்களித்தார். பேச்சுக்குரல் கேட்டது. சொற்கள் கேட்கவில்லை, கவிஞர் அந்த நேரம் பார்த்து வியர்வைக் கவிதையின் மிச்சத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அண்ணி உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. கோபத்திலும் சிவக்கும்.

8

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேசினார்கள்?

"இன்னொரு தடவை இந்தத் தெருவுல உன்னப் பாக்கக் கூடாது" என்று அண்ணி சொல்லியிருக்கலாம். மறுநாளே போன் போட்டு ரத்தும் செய்திருக்கலாம்.

அல்லது, "உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ, இவ என் தம்பி பொண்டாட்டின்னு அந்தக் கோட்டுக்காரர்கிட்ட நானே சொல்றேன்" என்று கையைப் பிடித்திருக்கலாம். ஒத்தமணிதான், "வேணாம் அண்ணி, அடுத்த வீடு இருக்கு" என்று போயிருக்கலாம்.

அல்லது இருவரும் கோட்டைப் பற்றி மட்டுமே பேசியிருக்கலாம். இதுதான் உண்மையாக இருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள்.

கவிஞரைக் கேட்க முடியாது. எழுதாதே என்றவரிடம் முடிவைக் கேட்பது எப்படி? டைக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கும் ஒரு நாத்தனார் இருப்பார், அல்லது நீங்களே ஒருவருக்கு நாத்தனாராக இருப்பீர்கள். என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். இடம் விட்டிருக்கிறேன்:

(                                        )

அந்த அம்மாளையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். வாய்ப்பு வந்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் எங்கள் தெருவுக்கே வந்தார். பை கூடவே உருண்டு வந்தது. எதிர்வீட்டிலிருந்து அவர் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்வியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவுப் பக்கம் போனேன். மணி அடித்தது.

"வீட்ல யாரும் இல்ல" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னேன்.